நுனாவுட்டில் அமைச்சர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடக்கே மூன்று பிரதேசங்கள் இருக்கின்றன: யூகான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட். யூகானில் கட்சி அரசியல் உண்டு. மற்ற இரண்டிலும் சட்டமன்றத்துக்குள் கட்சி என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட சபையில் உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருப்பது எப்படிப்பட்ட வேலை? நுனாவுட்டை வைத்து இங்கே பதில்கள். வடமேற்குப் பிரதேசங்களின் நடைமுறையும் பெரும்பாலும் இதேதான்.

நுனாவுட் எவ்வளவு பெரியது? எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி 36,858. இதில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள். ஊர்கள் மொத்தம் 25. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது, தெற்கே கனடாவின் மற்ற பகுதிகளுக்கும் சாலை கிடையாது. எங்கே போவதானாலும் விமானம்தான். கோடையில் சில மாதங்கள் மட்டும் கப்பல் வரும். தலைநகர் இக்காலுயிட்.

இனுவிட் மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே 1993-இல் கையெழுத்தான நுனாவுட் ஒப்பந்தத்தின் விளைவாக, 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி வடமேற்குப் பிரதேசங்களிலிருந்து பிரிந்து இது தனிப் பிரதேசமானது. இங்கே நடப்பது இனுவிட் மக்களுக்கு மட்டுமான அரசு இல்லை. குடியுரிமையும் வயதும் வசிப்புத் தகுதியும் உள்ள எல்லோரும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். ஒப்பந்த உரிமைகளைக் கவனிக்க ‘நுனாவுட் துங்காவிக்’ என்ற இனுவிட் அமைப்பு தனியாக இருக்கிறது. அமைச்சர்களின் தலைவலியில் ஒரு பங்கு, அந்த அமைப்புடன் உடன்பட்டும் முரண்பட்டும் வேலை செய்வதில் வருவது.

கட்சி இல்லாமல் சட்டமன்றம் எப்படி நடக்கும்?

22 தொகுதிகள், 22 உறுப்பினர்கள், எல்லோரும் சுயேச்சைகள். கொறடா இல்லை, தலைமையின் உத்தரவு இல்லை, கட்சிச் சீட்டு இல்லை. வாக்காளர் ஆளைப் பார்த்து வாக்களிக்கிறார், அந்த ஆள் பெரும்பாலும் தெரிந்த ஆள், பல நேரம் சொந்தக்காரர். சில தொகுதிகளில் சில நூறு வாக்குகளிலேயே தேர்தல் முடிந்துவிடும். 2013-இல் சமமாக வாக்கு விழுந்து, நீதிமன்ற மறுஎண்ணிக்கை வரை போன தொகுதியும் உண்டு. போட்டியே இல்லாமல் தேர்வாகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைக் ‘கருத்தொருமை அரசு’ என்கிறார்கள். கேட்டால் எல்லோரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற இடம் போலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. வாக்கெடுப்பு நடக்கும், சண்டை நடக்கும், முதல்வரே கவிழ்வார். முன்கூட்டியே அணி பிரிந்து நிற்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

அமைச்சரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சக உறுப்பினர்கள். தேர்தல் முடிந்து சில வாரங்களில் 22 பேரும் இக்காலுயிட்டில் கூடுவார்கள். முதலில் சபாநாயகர், பிறகு முதல்வர், அதன் பிறகு அமைச்சர்கள் என்று ரகசிய வாக்கெடுப்பில் தேர்வு நடக்கும். முதல்வர் பதவிக்கு நிற்பவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். மக்கள் உட்கார்ந்து பார்க்கலாம், ஒளிபரப்பும் உண்டு.

தேர்வானவர்களில் யாருக்கு எந்த இலாகா என்பதை முதல்வர் முடிவு செய்வார். தன் அமைச்சரவையில் யார் இருக்க வேண்டும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. தன்னை எதிர்த்து நின்றவரும் உள்ளே வரலாம்.

அனுபவம் கட்டாயமா என்றால் இல்லை. முதல் முதல்வர் பால் ஓகாலிக் 1999-இல் பொறுப்பேற்றபோது வயது 34, சட்டமன்றத்துக்கே புதியவர். 2021-இல் பி.ஜே. அக்கியகோக், அதுவரை முதல்வராக இருந்த ஜோ சவிகடாக்கைத் தாண்டித் தேர்வானார். அக்கியகோக்குக்கும் சட்டமன்றத்தில் அதுதான் முதல் முறை. 2008-இல் ஓகாலிக் மூன்றாவது முறையும் முதல்வராக விரும்பினார், உறுப்பினர்கள் ஈவா ஆரியாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவியில் இருப்பவர் என்ற பலம் அந்த அறைக்குள் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை.

முதல்வர் ஓர் அமைச்சரை நீக்க முடியுமா?

பாதி முடியும். இலாகாவைப் பிடுங்கலாம். அமைச்சரவையிலிருந்து வெளியே அனுப்ப சபையின் வாக்கு வேண்டும். 2020 அக்டோபரில் வீட்டுவசதித் துறையைக் கவனித்த பாட்டெர்க் நெட்சர் வெளியிட்ட ஒரு முகநூல் பதிவு சர்ச்சையானபோது இரண்டு படிகளும் வரிசையாக நடந்தன. முதல்வர் சவிகடாக் இலாகாக்களை எடுத்துக்கொண்டார், பிறகு சபை கூடி நெட்சரை அமைச்சரவையிலிருந்து நீக்கியது.

முதல்வருக்கும் இதே விதிதான். 2018 ஜூன் 14 அன்று பால் குவாசா நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார். நுனாவுட் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் முன்னின்றவர், பிரதேசம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். அந்தப் பெருமையும் காப்பாற்றவில்லை. பொறுப்பேற்று ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

எதிர்க்கட்சி இல்லையென்றால் யார் கேள்வி கேட்பார்கள்?

அமைச்சரல்லாத எல்லோரும். அமைச்சரவையில் முதல்வரையும் சேர்த்து எட்டு அல்லது ஒன்பது பேர் இருப்பார்கள். சபாநாயகரைக் கழித்தால் மீதி 12, 13 பேர் வெளியே. அதாவது அரசு எப்போதுமே சிறுபான்மை. எந்தப் பட்ஜெட்டும் எந்தச் சட்டமும் அமைச்சரவையின் சொந்த வாக்கில் நிறைவேறாது. வடமேற்குப் பிரதேசங்களிலும் இதே கணக்குதான், 19 உறுப்பினர்களில் ஏழு பேர் அமைச்சரவை.

நுனாவுட் அமைச்சர் வேலையைப் புரிந்துகொள்ள இந்த எண்ணிக்கை ஒன்றே போதும் என்பது என் கருத்து. வெளியே இருக்கும் உறுப்பினர்களைச் சம்மதிக்க வைப்பது அவருடைய அன்றாட வேலை. மசோதா வரைவும் செலவுத் திட்டமும் சபைக்கு வருவதற்கு முன்பே நிலைக்குழுவிடம் ரகசியமாகக் காட்டப்படும். அங்கே உறுப்பினர்கள் குறை சொல்வார்கள், அமைச்சர் திருத்திக் கொண்டுவருவார். சபையில் காரசாரம் இல்லாமல் ஒரு மசோதா நிறைவேறினால், சண்டை ஏற்கனவே கதவுக்குப் பின்னால் முடிந்துவிட்டது என்று பொருள். இதில் ஒரு குறையும் உண்டு. மக்கள் பார்க்க வேண்டிய வாதம் பாதி அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

வெளிப்படையான சோதனை குளிர்காலக் கூட்டத்தொடரில் நடக்கும். மானியக் கோரிக்கை விவாதத்தில் சபை முழுவதும் ஒரு குழுவாக அமரும். அமைச்சர் தன் அதிகாரிகள் இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாட்சி மேசையில் உட்கார வேண்டும். பக்கம் பக்கமாகக் கேள்வி வரும். எங்கள் ஊர் நீர் வண்டி பழுதாகி எத்தனை நாள்? பள்ளிக்கூடத்துக் கூரை எப்போது? நர்ஸ் பணியிடம் ஏன் காலி? பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது, கேட்பவருக்கு அந்த நீர் வண்டி ஓட்டுநரைப் பெயர் சொல்லித் தெரியும்.

தொகுதிக்குப் போய்வருவது எப்படி?

கஷ்டம். குட்டிக்டுக் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் ஆர்க்டிக் பே, ரெசொல்யூட் பே, கிரைஸ் ஃபியோர்ட் என மூன்று ஊர்கள். கிரைஸ் ஃபியோர்ட் கனடாவிலேயே வடகோடியில் பொதுமக்கள் வாழும் ஊர், 2021-இல் 144 பேர். அங்கே போக ரெசொல்யூட்டில் இறங்கிச் சிறிய விமானம் பிடிக்க வேண்டும். பனிப்புயல் வந்தால் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ள நேரும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே எழாது.

மேற்கே கிட்டிக்மியோட் பகுதி உறுப்பினர்கள் தங்கள் சொந்தத் தலைநகருக்கு வர, பெரும்பாலும் அடுத்த பிரதேசத்தின் தலைநகரான யெல்லோநைஃப் வழியாகச் சுற்றி வருகிறார்கள். ஒரே பிரதேசத்துக்குள் மூன்று நேர மண்டலங்கள். ஆகவே தொகுதியில் ஒரு உதவியாளர் அலுவலகத்தை வைத்துக்கொண்டு இருப்பார். உறுப்பினர் உள்ளூர் வானொலியில் பேசுவார், மக்கள் நேரலையில் அழைத்துத் திட்டுவார்கள்.

உறுப்பினர் அமைச்சரானால் அவருடைய ஊருக்கு லாபம்தானே?

வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். உள்ளூரில் இதை இரண்டு விதமாகவும் பார்க்கிறார்கள். அமைச்சரவை மேசையில் நம்ம ஆள் இருக்கிறார் என்பது ஒரு பக்கம். ஆனால் கேள்வி நேரத்தில் அமைச்சர் பதில் சொல்லத்தான் முடியும், கேள்வி கேட்க முடியாது. நேற்றுவரை எழுந்து நின்று ‘எங்கள் ஊர் விமான நிலையம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டவர், இன்று அதே விஷயத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அமைச்சரவை முடிவைப் பொதுவெளியில் எதிர்க்கவும் கூடாது, கூட்டுப் பொறுப்பு.

இந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஜாக் அனாவாக் கதை நல்ல சான்று. இனுவிட் அரசியலில் மூத்த பெயர். 1988 முதல் 1997 வரை கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் மத்திய நாடாளுமன்ற உறுப்பினர், நுனாவுட் பிறப்பதற்கு முன் அதன் நிர்வாகத்தைக் கட்டியெழுப்பிய இடைக்கால ஆணையர். பிறகு ராங்கின் இன்லெட் என்ற ஊரிலிருந்து சட்டமன்றத்துக்கு வந்து ஓகாலிக் அமைச்சரவையில் சேர்ந்தார்.

புதிய பிரதேசம் தன் அரசு வேலைகளைத் தலைநகரில் மட்டும் குவிக்காமல் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சின்ன ஊர்களில் அரசு வேலைதான் நிலையான சம்பளம், அதனால் ஓர் அலுவலகம் இடம் மாறுவது ஊரின் பிழைப்பையே மாற்றுகிற விஷயம். பெட்ரோலியப் பிரிவின் பணியிடங்களை ராங்கின் இன்லெட்டிலிருந்து பேக்கர் லேக்குக்கு மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தது. அனாவாக் வெளிப்படையாக எதிர்த்தார். தொகுதி உறுப்பினராகப் பார்த்தால் அவர் செய்தது சரி, அமைச்சராகப் பார்த்தால் விதி மீறல். 2003-இல் முதல்வர் அவர் இலாகாவை எடுத்துக்கொண்டார், சபை அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கியது.

அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கட்சி இல்லாத அமைச்சரவையை ஒட்டிவைப்பது கூட்டுப் பொறுப்பு ஒன்றுதான். அதுவும் போனால் அங்கே எட்டுத் தனி நபர்கள்தான் மிஞ்சுவார்கள். ஆனால் அவர் தொகுதியில் வேலை இழக்கவிருந்த ஒருவரிடம் போய் இந்த வாதத்தைச் சொல்ல எனக்குத் துணிவு வராது.

என்னென்ன இலாகாக்கள்?

நிதி, கல்வி, சுகாதாரம், நீதி, குடும்பநலம், சுற்றுச்சூழல், பண்பாடு, பொருளாதார வளர்ச்சி என்று எங்கும் உள்ளவைதான். ஆள் குறைவு என்பதால் ஒருவர் தலையில் இரண்டு மூன்று விழும், கூடவே ஏதாவது ஓர் அரசு நிறுவனத்தின் பொறுப்பும் வரும்.

தெற்கில் தனியார் கடைகளும் கம்பெனிகளும் பார்த்துக்கொள்ளும் வேலைகள் இங்கே அமைச்சர் மேசைக்கு வருவதுதான் புதிது. எரிபொருளை அரசே மொத்தமாக வாங்கிக் கோடையில் கப்பலில் கொண்டுவந்து, ஒவ்வோர் ஊரின் தொட்டிகளிலும் வருஷம் முழுமைக்கும் நிரப்பிவைக்கிறது. 25 ஊர்களுக்கும் மின்சாரம் டீசலில்தான். அதைத் தருவது குல்லிக் எரிசக்திக் கழகம் என்ற அரசு நிறுவனம், அதற்கும் ஓர் அமைச்சர் பொறுப்பு. கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பது 2018-இல் தெரிந்தது. பனிக்கட்டி அடைத்ததால் மேற்கே கேம்பிரிட்ஜ் பே, குக்லுக்டுக் ஊர்களுக்கு வர வேண்டிய படகுச் சரக்கு அந்த ஆண்டு வந்துசேரவில்லை, அவசியமானதை விமானத்தில் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

வீட்டுவசதி இலாகாதான் எல்லாவற்றிலும் கனமானது. பெரும்பாலானோர் அரசு வாடகை வீட்டில் இருக்கிறார்கள், ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம் நெருக்கியடிப்பது சாதாரணம். ஆணி முதல் ஜன்னல் வரை கப்பலில் வர வேண்டும், கட்ட முடிகிற மாதங்களும் குறைவு. அக்கியகோக் அரசு 2022-இல் ‘நுனாவுட் 3000’ என்று திட்டம் அறிவித்தது, 2030-க்குள் 3,000 வீடுகள் என்பது இலக்கு.

சுகாதார அமைச்சர் வேலை அவ்வளவு கஷ்டமா?

மருத்துவமனை என்று சொல்லத்தக்கது இக்காலுயிட்டில் மட்டும். மற்ற ஊர்களில் நர்ஸ்கள் நடத்தும் சுகாதார நிலையங்கள். கொஞ்சம் சிக்கலான நோய் என்றால் ஒட்டாவா, வின்னிபெக், எட்மண்டன் அல்லது யெல்லோநைஃபுக்கு விமானம் ஏற்ற வேண்டும். பிரசவத்துக்கும் பல பெண்கள் வாரக்கணக்கில் ஊரைவிட்டுப் போய்த் தங்குகிறார்கள். ஆகவே சுகாதாரப் பட்ஜெட்டில் விமான டிக்கெட்டும் விடுதியும் பெரும் பங்கைத் தின்றுவிடும். காசநோய் இன்னும் ஒழியவில்லை. 2021 நவம்பரில் பாங்னிர்டுங் ஊரில் பரவல் அறிவிக்கப்பட்டது.

அதே இலையுதிர் காலத்தில் இக்காலுயிட்டின் குழாய்த் தண்ணீரில் எரிபொருள் கலந்தது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை குடிக்கக் கூடாது என்ற உத்தரவு. அக்டோபர் 25 பிரதேசத் தேர்தல். புது அமைச்சர்கள் பதவியேற்ற நகரத்தில் குழாய்த் தண்ணீர் குடிக்க முடியாத நிலை.

குடும்பநல இலாகாவும் இதற்குச் சளைத்ததில்லை. குழந்தைகள் பாதுகாப்பு பற்றி கனடாவின் தலைமைக் கணக்காயர் 2011, 2014, 2023 என மூன்று முறை அறிக்கை கொடுத்தார். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே குறைகள்: ஆள் இல்லை, பதிவேடு சரியில்லை, பின்தொடர்வு இல்லை. அமைச்சர்கள் மாறினார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒட்டாவாவிலிருந்து. வரவில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு மத்திய அரசு தருவது. அதனால் நிதி அமைச்சரும் முதல்வரும் ஆண்டில் பல முறை ஒட்டாவா போவார்கள். பிரதேசம் முழுவதற்கும் மத்திய நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர், ஒரே ஒரு செனட்டர், குரல் கொடுக்க ஆள் வேறு இல்லை.

நிலமும் சுரங்கமும் யார் கையில்?

மாகாணத்துக்கும் பிரதேசத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதில்தான். மாகாணங்களின் அதிகாரம் அரசியலமைப்பில் இருப்பது. பிரதேசத்தின் அதிகாரம் மத்திய நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் கொடுத்தது. பொது நிலமும் கனிமமும் ஒட்டாவாவிடம் இருந்துவருகின்றன. பாஃபின் தீவின் மேரி ரிவர் இரும்புச் சுரங்க விரிவாக்கத்தை வேண்டாம் என்று 2022 நவம்பரில் முடிவு செய்தவர், நுனாவுட் அமைச்சர் எவரும் இல்லை, மத்திய அமைச்சர் டான் வாண்டல். அதுவும் நுனாவுட்டின் தாக்க மதிப்பாய்வு வாரியம் எதிர்த்துப் பரிந்துரைத்த பிறகு.

இது மாறவிருக்கிறது. யூகான் 2003-இலும் வடமேற்குப் பிரதேசங்கள் 2014-இலும் இந்த அதிகாரங்களைப் பெற்றன. நுனாவுட்டுக்கான ஒப்பந்தம் 2024 ஜனவரி 18 அன்று இக்காலுயிட்டில் கையெழுத்தானது. அதிகாரம் கைமாற 2027 ஏப்ரல் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அப்போது இலாகாக்களின் எடையே மாறும், அதைச் சுமக்கப் போதுமான அதிகாரிகள் இருக்கிறார்களா என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

துருவக்கரடி வேட்டைக்கும் அமைச்சர்தான் அனுமதி தருகிறாரா?

நேரடியாக இல்லை. எத்தனை கரடி பிடிக்கலாம் என்ற உச்ச அளவை நுனாவுட் வனவிலங்கு மேலாண்மை வாரியம் முடிவு செய்து சுற்றுச்சூழல் அமைச்சருக்கு அனுப்பும். அவர் ஏற்கலாம், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். வாரியம் மறுபடி பார்க்கும். அதன் பிறகே அமைச்சரின் சொல் கடைசிச் சொல். ஒரு பக்கம் உயிரியலாளரின் கணக்கெடுப்பு, இன்னொரு பக்கம் ‘ஊருக்குள் கரடி நடமாட்டம் கூடிவிட்டது’ என்கிற வேட்டைக்காரர் அனுபவம், மூன்றாவதாக வெளிநாட்டு விலங்கு அமைப்புகளின் கூச்சல். எந்த முடிவுக்கும் யாராவது ஒருவர் கோபிப்பார்.

சபையில் எந்த மொழியில் பேசுகிறார்கள்?

இனுவிட் மொழியான இனுக்டிடுட்டிலும் ஆங்கிலத்திலும் அதிகம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. இனுயின்னக்டுன், பிரெஞ்சு ஆகியவையும் அதிகாரபூர்வ மொழிகள். ஆங்கிலம் பேசாத முதியவர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் சபையைப் பின்தொடர முடிகிறது, பெரிய விஷயம்தான்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை அப்படி இல்லை. எல்லா வகுப்புகளிலும் இனுவிட் மொழியில் கற்பிக்க 2019 என்று முந்தைய சட்டம் கெடு வைத்திருந்தது. ஆசிரியர்கள் இல்லை. 2020-இல் நிறைவேறிய 25-ஆம் மசோதா அந்தக் கெடுவை 2039 வரை படிப்படியாகத் தள்ளியது. அடுத்த ஆண்டே துங்காவிக் அமைப்பு நீதிமன்றம் போனது. மொழியைக் காக்க உருவான பிரதேசத்தின் கல்வி அமைச்சரே இன்னும் இருபது வருஷம் பொறுங்கள் என்று சொல்ல நேர்ந்தது எவ்வளவு கசப்பு. ஆனால் இல்லாத ஆசிரியரைச் சட்டம் போட்டு உருவாக்கவும் முடியாது.

பெண் அமைச்சர்கள்?

ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு உறுப்பினர்கள் வைக்கலாமா என்று 1997 மே மாதம் பொதுவாக்கெடுப்பே நடந்தது. உலகில் எங்கும் இல்லாத ஏற்பாடாக இருந்திருக்கும். சுமார் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எதிர்த்துப் பிரசாரம் செய்தவர்களில் மனிட்டோக் தாம்ஸனும் ஒருவர், 1999-இல் முதல் சட்டமன்றத்துக்குத் தேர்வான ஒரே பெண்ணும் அவர்தான், நுனாவுட்டின் முதல் பெண் அமைச்சரும் அவரே. தகுதியில் வந்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் தரப்பு. முதல் சபையில் 19 பேரில் ஒரு பெண் என்பது எதிர்த் தரப்பின் பதில்.

பதவி போன பிறகு என்ன செய்வார்கள்?

எதிர்வரிசையில் போய் உட்கார்வார்கள், அவ்வளவுதான். உறுப்பினர் பதவி அப்படியே இருக்கும். தனக்குப் பின் வந்த அமைச்சரைக் கேள்வி கேட்பார்கள், கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வி என்பதால் அதற்குக் கூர்மை அதிகம். சிலர் தெற்கே போவார்கள். நுனாவுட்டில் நிதி, சுகாதார இலாகாக்களைக் கவனித்த லியோனா அக்லுக்காக் 2008-இல் மத்திய நாடாளுமன்றத்துக்குப் போய் நாட்டின் சுகாதார அமைச்சரே ஆனார்.

கட்சி இல்லாததால் பகையும் நிரந்தரமாவதில்லை. 2018-இல் வீழ்த்தப்பட்ட குவாசாவை அதே சபை 2020-இல் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. அவரை வீழ்த்திய தீர்மானத்தைக் கொண்டுவந்த ஜான் மெய்ன், 2021-இல் வந்த புது அரசில் சுகாதார அமைச்சராகி, சாட்சி மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.